கோலப் புள்ளிகளோடு ஒரு கோடை விடுமுறை

"கணக்கிலே ஆராய்ச்சியா? கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் எப்பவோ கண்டுபிடிச்சாச்சே! இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருஷம் படித்துக் கொண்டிருந்த என் மகள், கோடை விடுமுறையில் இரண்டு மாதம் சென்னைக்குப் போய் ஆராய்ச்சிப் பயிற்சி பெறப் போகிறாள் என்றதும், மயிலாடுதுறையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கேட்ட கேள்வி இது. மீதிப் பேர் கேட்டது, "வயசுப் பொண்ணைத் தனியாவா அனுப்பறீங்க?" என்பது.

இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். அந்த இரண்டு மாதத்தில் இரண்டுக்குமே எனக்கு விடை கிடைத்தது. கல்லூரியில் படிக்கும் பெண்ணை உடைய தாய்மார்களுக்கும், இப்போதுதான் ஒன்று, இரண்டு எண்ணக் கற்றுக் கொள்ளும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கும் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

வாய்ப்பு எப்படி வந்தது?

எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை நிலமும் ஒரு சின்ன உரக் கடையும் உண்டு. நான் பிளஸ் டூ வரை படித்தவள். வீட்டில் பெரிய படிப்புப் படித்தவர்கள் யாரும் இல்லை. மகளுக்கு இந்த வாய்ப்பைப் பற்றிச் சொன்னவர் அவளுடைய கல்லூரி ஆசிரியை. "உன் மார்க்கைப் பத்தி எனக்குக் கவலையில்லை. ஆனா நீ கேக்குற கேள்விக்கெல்லாம் நம்ம சிலபஸ்ல இடமில்லை. வெளியிலே போய்ப் பாரு" என்றாராம்.

நம் நாட்டில் இதற்கென்றே சில ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நம்மைப் போன்ற ஊர்களில் பலருக்குத் தெரிவதில்லை. பெங்களூர், டில்லி, அலகாபாத் (இப்போது பிரயாக்ராஜ்) ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து, கல்லூரி மாணவர்கள் கோடையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடமோ கணித அறிஞரிடமோ இருந்து கற்றுக் கொள்வதற்கு உதவித்தொகை கொடுத்து வந்திருக்கின்றன. கணிதத்துக்கென்றே தனியாக எம்.டி.டி.எஸ். என்றொரு முகாம் உண்டு. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993ல் தொடங்கியது. உயர் கணிதத்துக்கான தேசிய வாரியத்தின் ஆதரவில் வளர்ந்தது. நான்கு வாரம் நடக்கும் அந்த முகாமில் ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக் கொள்வது என்ற பழக்கமே கிடையாது. ஆசிரியர் கேள்வி கேட்பார். மாணவர்கள் யோசித்து, தட்டுத் தடுமாறி, தாங்களாகவே விடைக்கு வந்து சேர வேண்டும்.

இதற்காக வடக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சென்னை தரமணியில் 1962ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி 1989ல் தொடங்கிய நிறுவனம் வளர்ந்து, இன்று சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமாக நிற்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் கணித அறிஞர்கள் வந்து போகிற இடங்கள் இவை.

ஐப்பசிக் கடைமுழுக்கு முடிந்த வாரத்தில் மகள் விண்ணப்பம் போட்டாள். மாசி மாதம் பதில் வந்தது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஒரு பேராசிரியையிடம் இடம் கிடைத்திருந்தது.

அனுப்புவதா, வேண்டாமா?

பதில் வந்த அன்று வீட்டில் சந்தோஷம். அடுத்த நாள் சிக்கல். என் மாமியார்தான் ஆரம்பித்தார்.

"வைகாசியிலே பொண்ணு பாக்க வரேங்கறாங்க. பையனுக்கு கவர்ன்மென்ட் வேலை. பொண்ணு ஊரிலேயே இல்லேன்னா என்ன நினைப்பாங்க? கணக்கு எங்கேயும் ஓடிப் போயிடாது. வரன் போயிட்டா வருமா?"

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. நல்ல குடும்பம், தெரிந்த மனிதர்கள். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது, "நீ என்ன சொல்றே?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. ரெண்டு மாசம் பொறுக்க முடியாதவங்க, நாளைக்கு இவ மேலே படிக்கணும்னா எப்படிப் பொறுப்பாங்க?" என்றேன்.

கேட்டார். அவர்களுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. மாமியார் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரம் எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. ஆனால் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உனக்காக வரனை விட்டோம்" என்ற பாரத்தைத் தலையில் ஏற்றி அனுப்பினால், அந்தப் பெண் எதைத்தான் நிம்மதியாக யோசிக்கும்?

அதே சமயம் கண்ணை மூடிக் கொண்டும் அனுப்பவில்லை. பெண்கள் ஹாஸ்டல் தனியாக இருக்கிறதா, வார்டன் யார், இரவில் உடம்பு சரியில்லை என்றால் யார் அழைத்துப் போவார்கள், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்றெல்லாம் போனில் கேட்டுக் குறித்துக் கொண்டேன். முதல் முறை நானே சோழன் எக்ஸ்பிரஸில் கூடப் போய், அறையைப் பார்த்து, வார்டனைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன். "தனியாவா அனுப்பறீங்க?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: விசாரிக்க வேண்டியதை முன்கூட்டியே விசாரித்துவிட்டால், தனியாக அனுப்புவது என்பது அவ்வளவு பயப்பட வேண்டிய காரியம் இல்லை.

கரும்பலகைகள் நிறைந்த ஊர்

நான் போன அன்று கண்டதில் என் மனத்தில் நின்றது அங்கே இருந்த கரும்பலகைகள்தாம். வகுப்பறையில் மட்டும் இல்லை. நடைவழியில், மாடிப்படி திரும்பும் இடத்தில், டீ குடிக்கிற இடத்தில் கூட! ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் சாக்பீஸ் என்று இரண்டு பேர் நின்று ஏதோ எழுதி, அழித்து, சிரித்து, மறுபடி எழுதிக் கொண்டிருந்தார்கள். ஒருவர் தலை நரைத்தவர். இன்னொருவருக்கு இருபது வயதுகூட இருக்காது. நரைத்தவர் எழுதியதை அந்தப் பிள்ளை "இல்லை, தப்பு" என்று சொல்லி அழித்தது. பெரியவர் கோபித்துக் கொள்ளவில்லை. தலையை ஆட்டிக் கொண்டார். கணக்கில் வயதுக்கு மரியாதை உண்டு. ஆனால் விடைக்குத்தான் முதல் மரியாதை என்று அப்போதே புரிந்தது.

மகளுடைய அறைத்தோழி வங்காளத்துப் பெண். அதற்கு நம் சாம்பார் புளிப்பு ஒத்துக் கொள்ளவில்லை. இவளுக்கு மெஸ் சப்பாத்தி இறங்கவில்லை. நான் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி இரண்டு பேரையும் காப்பாற்றியதாம். கேரளத்துப் பெண் ஒருத்தி, ஆந்திரப் பையன்கள் இருவர், நம் பக்கத்துப் பெண் இன்னொருத்தி என்று ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. காலையில் பேராசிரியையோடு ஒரு மணி நேரம். பிறகு நாள் முழுவதும் அவரவர் பாடு. நூலகம் இரவு வெகு நேரம் திறந்திருக்கும். "யாரும் மார்க்கே கேக்கலைம்மா. 'நீ என்ன யோசிச்சிட்டிருக்கே?'ன்னுதான் கேக்குறாங்க" என்று முதல் வாரம் ஆச்சரியத்தோடு சொன்னாள்.

முதல் வாரத்திலேயே தலைவலியும் வந்தது. காரணம் பெரிதல்ல: இரவு இரண்டு மணி வரை விழிப்பு, காலை டிபன் கிடையாது, சென்னை வெயிலில் தண்ணீரும் போதிய அளவு குடிப்பதில்லை. "காலைச் சாப்பாட்டை விடாதே, பதினோரு மணிக்கு விளக்கை அணை, சாயங்காலம் அரை மணி நேரம் நட" என்று மூன்றே விதி சொன்னேன். ஒரே வாரத்தில் தலைவலி போயிற்று. மூளைக்கு வேலை கொடுக்கிறவர்கள் வயிற்றைப் பட்டினி போட்டால் மூளை எப்படி ஓடும்?

அது என்ன கணக்கு?

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேராசிரியை கொடுத்த கணக்கு என்ன தெரியுமா? நம் வாசலில் போடுகிற சிக்குக் கோலம்!

ஒரு நாள் இரவு போன் வந்தது. "அம்மா, மூணு புள்ளி நாலு வரிசை, நேர்ப்புள்ளி வெச்சு சிக்குக் கோலம் போட்டா, ஒரே கோட்டிலே முடியுமா, இல்லே விட்டு விட்டுப் போடணுமா?"

"ஒரே கோட்டிலே முடிஞ்சிடும்" என்றேன் யோசிக்காமலே. எத்தனை வருஷம் போட்ட கை!

"நாலு புள்ளி நாலு வரிசை?"

"அது முடியாது. நாலு கோடு தனித்தனியா வரும்."

"ஏம்மா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கைக்குத் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. அந்த 'ஏன்'தான் அவளுடைய ஆராய்ச்சி.

நீங்களும் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். நீள்சதுரமாக நேர்ப்புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு சாய்வாகப் புகுந்து போக வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் ஓரப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். நடுவில் எங்கும் மடக்கக் கூடாது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு கோடு முடிந்தது. சுற்றப்படாமல் இடம் மிச்சம் இருந்தால் அங்கிருந்து அடுத்த கோடு. இப்படிப் போட்டால் என்ன வருகிறது பாருங்கள்:

2 புள்ளி, 3 வரிசை: ஒரே கோடு.
2 புள்ளி, 4 வரிசை: இரண்டு கோடுகள்.
3 புள்ளி, 3 வரிசை: மூன்று கோடுகள்.
3 புள்ளி, 4 வரிசை: ஒரே கோடு.
4 புள்ளி, 6 வரிசை: இரண்டு கோடுகள்.
5 புள்ளி, 7 வரிசை: ஒரே கோடு.

விதி பிடிபடுகிறதா? பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்று படித்தோமே, இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் எச்.சி.எஃப். என்று சொல்வார்களே, அதுதான்! 4ஐயும் 6ஐயும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் 2. ஆகவே இரண்டு கோடுகள். 5க்கும் 7க்கும் பொதுவாக இருப்பது 1 மட்டுமே. ஆகவே ஒரே கோடு. நேர்ப்புள்ளியில் நீள்சதுரமாக எவ்வளவு பெரிய கோலம் வைத்தாலும் இதுதான் கணக்கு. ஊடுபுள்ளிக் கோலம், ஏறி இறங்கும் வரிசைக் கோலம் எல்லாவற்றுக்கும் கதை வேறு.

மூன்றாவது வாரத்து அழுகை

இந்த விதியைக் கண்டுபிடிக்க மகளுக்கு இரண்டு நாள்தான் ஆயிற்று. ஆனால் அது எப்போதும் உண்மை என்று நிரூபிக்க மூன்று வாரம் ஆயிற்று.

"அதான் இத்தனை கோலம் போட்டுப் பாத்துட்டியே, போதாதா?" என்று கேட்டேன்.

"போதாதும்மா. ஆயிரம் கோலம் சரியா வந்து, ஆயிரத்து ஒண்ணாவது கோலம் பொய் சொல்லிட்டா? அது ஏன் பொய் சொல்லவே முடியாதுன்னு காட்டணும். அதுதான் கணக்கு."

தெருக்காரர்களின் முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கணித ஆராய்ச்சி என்பது வேகமாகக் கூட்டிப் பெருக்குவது அல்ல. 'எப்போதும் இப்படித்தானா? ஏன்?' என்று கேட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதில் சொல்வது. அப்படிப்பட்ட கேள்விகள் தீரவே தீராது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் போனில் ஓவென்று அழுதாள். "எல்லாருக்கும் வருது. எனக்கு மட்டும் ஒண்ணும் வரலை. நான் இங்கே வந்திருக்கவே கூடாது" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பக்கத்தில் இருந்த மாமியார், "திரும்பி வரச் சொல்லிடு" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் அவள் அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். "இல்லை" என்றாள். "போய்ச் சாப்பிட்டுட்டுப் படு. நாளைக்கு உங்க மேடம்கிட்டே இதையே சொல்லு" என்றேன்.

மறுநாள் சொன்னாளாம். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "எனக்கு முக்கால்வாசி நாள் இப்படித்தான் போகும். இன்னிக்கு வரலைங்கறதும் ஆராய்ச்சிதான்" என்றாராம். முப்பது வருஷம் கணக்கில் ஊறியவருக்கே அப்படி என்றால், இருபது வயதுப் பெண் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அந்த வாரக் கடைசியில் விடை வந்தது. கேட்டால் நமக்கே புரிகிற விடை அது. 4 புள்ளி 6 வரிசைக் கோலத்தில், ஒரு ஓரத்திலிருந்து 4க்கு 4 சதுரத்தைப் பிரித்துப் பாருங்கள். அந்தச் சதுரத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு கோடும் உள்ளே சுற்றிவிட்டு, எந்த இடத்தில் நுழைந்ததோ அதே இடத்தில் வெளியே வருகிறது; சுவரில் பட்டுத் திரும்பிய பந்து போல! ஆகவே சதுரத்தை வெட்டி எறிந்துவிட்டு அங்கே ஒரு ஓரம் வைத்தாலும் கோடுகளின் எண்ணிக்கை மாறாது. மிச்சம் 4 புள்ளி 2 வரிசை. அதிலிருந்து 2க்கு 2 சதுரத்தை வெட்டினால் மிச்சம் இன்னொரு 2க்கு 2 சதுரம். அந்தச் சதுரத்தில் இரண்டு கோடுகள். ஆகவே முழுக் கோலத்திலும் இரண்டு கோடுகள்! இப்படிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக் கொண்டே போய்ப் பொதுக் காரணியைக் காணும் முறை, சுமார் 2300 வருஷங்களுக்கு முன் கிரேக்க அறிஞர் யூக்ளிட் எழுதி வைத்தது.

புதிதா, பழசா?

இது உலகத்துக்குப் புதிய கண்டுபிடிப்பு அல்ல. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், அவர் மனைவி கணிதப் பேராசிரியை ராணி சிரோமணியும் நம் கோலங்களைக் கணித ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொண்டார்கள். அவர்கள் இருவரும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து, கோலத்துக்கு ஓர் இலக்கணம் இருப்பதைக் காட்டி 1974ல் எழுதிய கட்டுரையைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா?

ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே இன மக்கள் மணலில் புள்ளி வைத்து, கோட்டால் சுற்றி, கதை சொல்கிற வழக்கம் உடையவர்கள். பார்த்தால் நம் சிக்குக் கோலத்தின் தங்கை மாதிரி இருக்கும். மொசாம்பிக்கில் பணியாற்றிய கணித அறிஞர் பாவுலுஸ் கெர்டஸ் அந்த மணல் ஓவியங்களையும் தமிழ்நாட்டுக் கோலங்களையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கோடுகளின் எண்ணிக்கைக்கும் பொதுக் காரணிக்கும் உள்ள உறவை அவருடைய எழுத்துகளில் காணலாம்.

"ஏற்கெனவே தெரிஞ்சதைக் கண்டுபிடிக்கவா ரெண்டு மாசம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மகள் சளைக்கவில்லை. "ரசம் ஊர்லே எல்லாரும்தான் வெக்கிறாங்கப்பா. நான் வெச்சுப் பாத்தாத்தானே எனக்கு வெக்கத் தெரியும்?" என்றாள்.

மீதி நாட்களில் தனக்கென்று ஒரு கேள்வி எடுத்துக் கொண்டாள். நடுவில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துவிட்டு, கோட்டை அங்கே திருப்பிவிட்டால் என்ன ஆகும்? சின்னக் கோலங்களுக்கு விடை கிடைத்தது. முழு விடை கிடைக்கவில்லை. கடைசி வாரம் எல்லார் முன்னிலையிலும் இருபது நிமிஷம் கரும்பலகையில் எழுதிப் பேசினாள். 'இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை' என்றுதான் முடித்தாளாம். அதற்குத்தான் நிறையக் கேள்விகளும் கைதட்டலும் கிடைத்தன.

யாரும் கூப்பிடாத நேரம்

மேட்டூர் திறந்து, குறுவை நாற்றங்கால் வேலை நடந்து கொண்டிருந்த சமயம் ஊர் திரும்பினாள். அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தபோது, "அங்கே உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று கேட்டேன். நூலகம் என்பாள், மேடம் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டு மாசம் யாருமே கூப்பிடலைம்மா" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். நம் வீடுகளில் பையன் புத்தகத்தோடு உட்கார்ந்தால் "படிக்கிறான், சத்தம் போடாதீங்க" என்கிறோம். பெண் உட்கார்ந்தால் "பாலைப் பாரு", "யாரோ வந்திருக்காங்க, தண்ணி குடு", "பூவைக் கொஞ்சம் தொடுத்துடு". ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷ வேலைதான். ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்துக் கொண்டு மனசு உள்ளே இறங்க ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு நிமிஷத்தில் மேலே இழுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து இறங்க வேண்டும்.

நம் பக்கத்து ஊர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். சாரங்கபாணி சன்னிதித் தெரு வீட்டில் சிலேட்டும் பலப்பமுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். கல்லூரிப் படிப்பே முடியவில்லை. அப்போதும் அவருக்கு உட்கார இடமும் வேளைக்குச் சோறும் கிடைக்கும்படி பார்த்துக் கொண்டவர் தாயார் கோமளத்தம்மாள். 1914ல் அவர் இங்கிலாந்து போனார். 1920ல், 32 வயதில் மறைந்தார். பத்து வயதில் அவருக்கு வாழ்க்கைப்பட்ட ஜானகி அம்மாள், பின்னர் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். மேதை வளர்வதற்கு ஒரு வீடு எவ்வளவு கொடுக்கிறது என்பதற்கு அந்த வீடே சாட்சி. அதில் ஒரு பங்கைப் பெண் குழந்தைகளுக்கும் கொடுத்தால் என்ன?

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த ராமன் பரிமளா, இயற்கணிதத்தில் உலகம் மதிக்கும் அறிஞர். 1987ல் பட்நாகர் விருது பெற்றார். 2010ல் ஹைதராபாத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டில் முதன்மைச் சொற்பொழிவாளர்களில் ஒருவர். மங்களா நார்லிகர், கல்யாணமாகி, குழந்தைகளை வளர்த்து, பல வருஷங்களுக்குப் பிறகு 1981ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வயது ஆகிவிட்டதே என்று நினைக்கும் சகோதரிகளுக்கு இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை மகளை யாரும் கூப்பிடுவதில்லை. இந்த விதியை முதலில் காப்பாற்றுகிறவர் யார் தெரியுமா? என் மாமியார்தான். வாசலில் யாராவது வந்து நின்றால், "அவ யோசிச்சிட்டிருக்கா. என்ன வேணும், என்கிட்டே சொல்லுங்க" என்கிறார்.

தாய்மார்களுக்குச் சில யோசனைகள்

சின்னக் குழந்தைகளுக்கு: வேகத்தை மட்டும் பாராட்டாதீர்கள். "சீக்கிரம் சொல்லு" என்பதைவிட "எப்படிச் சொன்னே?" என்று கேளுங்கள். தப்பான விடையிலும் ஒரு யோசனை இருக்கும்.

"எனக்கும் கணக்கு வராது, அதான் உனக்கும் வரலை" என்று பெண் குழந்தை காதுபடச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணக்கைக் கண்டு பயப்படும் ஆசிரியைகளிடம் ஒரு வருஷம் படித்த சிறுமிகளில் பலர், 'கணக்கு ஆண்பிள்ளைகளுக்குத்தான்' என்ற எண்ணத்துக்கு வந்திருந்தார்கள். அப்படி நினைத்தவர்களின் கணக்குத் திறனும் குறைந்திருந்தது. பயம் தொற்றிக் கொள்ளும். ஆகவே தெரியாவிட்டால் "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

மார்கழிக் கோலத்தைக் குழந்தையோடு சேர்ந்து போடுங்கள். எத்தனை கோட்டில் முடியும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாளும் மார்கழியில்தான் வருகிறது. முடிந்தால் அன்று கும்பகோணத்தில் நினைவில்லமாக இருக்கும் அவர் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

கல்லூரிப் பெண்களுக்கு: கோடைப் பயிற்சிக்கு ஆறு மாதம் முன்னதாகவே விசாரிக்க வேண்டும். விதிகளும் தேதிகளும் வருஷத்துக்கு வருஷம் மாறும். கல்லூரி ஆசிரியரைக் கேட்பதே நல்லது. அவருடைய பரிந்துரைக் கடிதமும் தேவைப்படும். பல திட்டங்களில் தங்குவதற்கும், உணவுக்கும், ரயில் கட்டணத்துக்கும் உதவி உண்டு. பணத்தை நினைத்து முதலிலேயே ஒதுங்கிவிட வேண்டாம்.

பெட்டியில் வைக்க: பருத்தி உடைகள், பருப்புப் பொடி, ஊறுகாய், காய்ச்சல் மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மாதவிலக்குக்கு வேண்டியவை, தண்ணீர் பாட்டில், ஆதார் நகல், மருத்துவமனை எண் எழுதிய சீட்டு.

போன் பேச ஒரு நேரம் வைத்துக் கொள்ளுங்கள். நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட வேண்டாம். அழுதால் உடனே "வந்துடு" என்று சொல்லாதீர்கள். முதலில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விசாரியுங்கள். ஆனால் பல நாள் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, யாரோடும் பேசவில்லை என்றால் அசட்டை செய்யாமல் நேரில் போய்ப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாப் பெண்களும் கணித மேதை ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் மகளும் எம்.எஸ்ஸி. படிக்கத்தான் ஆசைப்படுகிறாள், பிறகு என்ன என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுப் பெண் ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக் கொண்டிருந்தால், இன்று சாயங்காலமே அவளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். பால் பொங்கினால் நாமே இறக்கி வைத்துக் கொள்ளலாம்.